4 ஆயிரம் ரூபாய் செல்போன் திருடு போனால்...

பஸ் நிலையத்தின் ஓரத்தில் ஓர் அம்மாள் பூ விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடைக்குப் பக்கத்தில் அவருடைய செல்போன் இருக்கிறது. பழைய போன். விற்றால் 4 ஆயிரம் ரூபாய் தேறும். ஒருவருக்கு இரண்டு முழம் அளந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். போனைக் காணோம்!

இது திருட்டு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அம்மாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினால் என்ன நடக்கும்? இதில்தான் ஒரு பெரிய மாறுதல் வந்திருக்கிறது. பலருக்கு அது தெரியாது.

1860-ம் ஆண்டில், வெள்ளைக்காரர் ஆட்சியில் இயற்றப்பட்டது இந்திய தண்டனைச் சட்டம். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அது விலகி, பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் அமுலுக்கு வந்தது. திருட்டுக்குப் பழைய சட்டத்தில் 378, 379-வது பிரிவுகள். புதிய சட்டத்தில் 303-வது பிரிவு. நம்பர் மாறியதே தவிர, எது திருட்டு என்ற விளக்கம் மாறவில்லை.

நாய் எடுத்து வைத்த அடி

ஒருவர் வசம் இருக்கும் பொருளை, அவருடைய சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்வதற்காக நகர்த்தினால் அது திருட்டு. இதுதான் சட்டம் சொல்லும் விளக்கம்.

பொருள் நகர்த்தக் கூடியதாக இருக்க வேண்டும். நிலத்தைத் திருட முடியாது. (வளைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு வேறு பிரிவு!) நிற்கிற மரம் பூமியோடு சேர்ந்தது. ஆனால் கொண்டுபோகும் எண்ணத்தோடு அதை வெட்டிச் சாய்த்தால், சாய்ந்த அந்த நிமிடமே திருட்டு ஆகிவிடும்.

பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது இல்லை. சட்டப் புத்தகத்திலேயே ஒரு வேடிக்கையான உதாரணம் இருக்கிறது. அடுத்தவர் நாயைத் திருட நினைக்கிறான் ஒருவன். சட்டைப் பையில் தின்பண்டத்தை வைத்து ஆசை காட்டுகிறான். நாய் அவன் பின்னால் நடக்க ஆரம்பித்ததுமே திருட்டு நடந்துவிட்டது!

சொந்தப் பொருளையே ஒருவர் திருட முடியும் என்றால் நம்புவீர்களா? கைக்கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுக்கிறார் ஒருவர். கூலி பாக்கி இருக்கிறது. கூலி வரும்வரை கடிகாரத்தை ஈடாக வைத்துக்கொள்ள கடைக்காரருக்கு உரிமை உண்டு. அந்த ஈட்டைத் தட்டிப் பறிக்கும் எண்ணத்தோடு, சொந்தக்காரரே கடிகாரத்தை எடுத்துப் போனால் அதுவும் திருட்டுதான். பொருள் யாருக்குச் சொந்தம் என்று சட்டம் இங்கே பார்ப்பது இல்லை. யார் வசம் இருந்தது என்றுதான் பார்க்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியம், எண்ணம். நண்பர் வீட்டில் இல்லாத நேரத்தில், அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று நம்பி, படித்துவிட்டுத் தருவதற்காக ஒரு புத்தகத்தை எடுத்து வந்தால் திருட்டு ஆகாது. அதற்காக, "திருப்பித் தரத்தானே எடுத்தேன்" என்ற சாக்கு எப்போதும் செல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. 1952-ல் ஜோத்பூரில் விமானப் படைப் பயிற்சியில் இருந்த ஒருவர், அனுமதி இல்லாமல் ஒரு விமானத்தையே ஓட்டிக்கொண்டு போய் பாகிஸ்தானில் இறங்கிவிட்டார்! விமானத்தை ஒரேயடியாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லாவிட்டாலும், கொஞ்ச நேரம் எடுத்ததும் திருட்டே என்று 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

5 ஆயிரம் ரூபாய்க் கோடு

இந்த விளக்கத்தில் விலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பழைய சட்டத்தில் 10 ரூபாய் திருடினாலும் 10 லட்சம் திருடினாலும் பிரிவு ஒன்றுதான். போலீசார் வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம்.

புதிய சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. திருடிய பொருளின் மதிப்பு 5 ஆயிரம் ரூபாய்க்குக் குறைவு. திருடியவருக்கு அதுதான் முதல் தண்டனை. பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படியானால் சிறை இல்லை. சமூக சேவைதான் தண்டனை. அதாவது, கோர்ட்டு சொல்லும் பொது வேலையைக் கூலி இல்லாமல் செய்ய வேண்டும். மற்ற சாதாரண திருட்டுகளுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் திருடி மாட்டினால் குறைந்தது 1 ஆண்டு, அதிகமாக 5 ஆண்டு கடுங்காவல்.

இது நல்ல மாறுதல் என்றே சொல்ல வேண்டும். பசிக்கு ரொட்டி திருடிய பையனைக் கைதேர்ந்த கொள்ளைக்காரர்களோடு அடைத்தால், வெளியே வரும்போது அவனும் தொழில் கற்றுக்கொண்டு வருவான்.

ஆனால் இதோடு இன்னொரு மாறுதலும் வந்தது. கோட்டுக்குக் கீழே உள்ள திருட்டு, ஜாமீனில் விடக்கூடிய குற்றம் ஆகிவிட்டது. போலீசார் தாங்களாகவே கைது செய்யவோ, புலன் விசாரணை நடத்தவோ முடியாது. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். ஸ்டேஷனில் புகாரை அதற்கு உரிய புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். பிறகு, "மாஜிஸ்திரேட்டிடம் போங்கள், அம்மா" என்பார்கள். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. போலீசார் மீது தப்பு இல்லை.

பூக்கார அம்மாளுக்கு 4 ஆயிரம் ரூபாய் சின்னத் தொகையா? மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு ஒருநாள் போனால் அன்றைய வியாபாரம் போச்சு. கட்டிய பூவும் வாடிவிடும். வசதி உள்ளவரின் 50 ஆயிரம் ரூபாய் போனுக்கு உடனே முதல் தகவல் அறிக்கை. இவருடைய போனுக்கு நோட்டுப் புத்தகம்! தண்டனையைக் குறைத்தது சரி. விசாரணைக்கும் அதே கோட்டைப் போட்டது சரியா என்பதுதான் கேள்வி.

அதே போனை அவர் கையிலிருந்து திடீரென்று பறித்துக்கொண்டு ஓடினால் கதையே வேறு. அது 304-வது பிரிவு. அங்கே விலைக்கோடு கிடையாது. போலீசார் உடனே நடவடிக்கை எடுக்கலாம். குடியிருக்கும் வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்கு 305-வது பிரிவு. 7 ஆண்டு வரை சிறை. அங்கேயும் விலைக்கோடு இல்லை. ஆகவே புகார் எழுதும்போது பொருள் எங்கே இருந்தது, எப்படிப் போனது, என்ன விலை என்று விவரமாக எழுதுங்கள். போன் வாங்கிய ரசீது இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.