குடும்ப நலப் பகுதி: பிள்ளைகள் கையில் எந்த நூல்?

பள்ளி விடுமுறை விட்டதும் திடலெங்கும் பட்டங்கள் ஏறிவிடுகின்றன. பிள்ளைகள் வெளியில் ஓடி விளையாடுவது நல்லதுதான். ஆனால் தாய்மார்களே, வானத்துப் பட்டத்தைப் பார்க்கும் நாம், அவர்கள் கையிலிருக்கும் நூலைப் பார்க்கிறோமா?

மற்றவன் பட்டத்தை அறுத்து வீழ்த்துவதற்காக நூலில் பசையும் கண்ணாடித் தூளும் பூசுகிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு மாஞ்சா என்று பெயர். இங்கே மலாயில் 'பெனாங் காச்சா' என்பார்கள். பஞ்சு நூலானால் ஓர் அளவுக்கு மேல் இழுபட்டதும் அறுந்துவிடும். நைலான் நூலோ எளிதில் அறுவதில்லை; தசையைத்தான் அறுக்கும். மெல்லிய நூல் என்பதால் மோட்டாரில் வருபவர் கண்ணுக்கு அது தெரியாது. அவர் வரும் வேகத்தில் கழுத்தில் மாட்டி, இரம்பம்போல் இழுத்துவிடும்.

இது மிகைப்பேச்சு அன்று. 2016 ஆகஸ்ட் 15-ல் டில்லியில், காரின் கூரைத் திறப்பு வழியே தலையை நீட்டி வேடிக்கை பார்த்த சிறு பிள்ளைகள் இருவர் இந்த நூலால் உயிரிழந்தனர். 2017 ஜூலையில் இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. அப்படியிருந்தும் 2019 நவம்பரில், சென்னை கொருக்குப்பேட்டைப் பகுதியில், பெற்றோருடன் மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து சென்ற மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தை மாஞ்சா அறுத்தது. குழந்தை பிழைக்கவில்லை. சட்டம் மட்டும் போதாது, வீட்டிலும் கண் வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையா?

நம் நாட்டிலும் 2020-ல், நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்த நாட்களில் பட்ட மோகம் பெருகியபோது மோட்டாரோட்டிகள் கழுத்தில் காயம்பட்டதுண்டு.

"அந்தக் காலத்தில் நாங்களும்தான் விட்டோமே" என்று பெரியவர்கள் கேட்கலாம். அன்று தோட்டத்துத் திடலைச் சுற்றி ரப்பர் மரங்கள். பெரிய ரோடு வெகு தூரம். இன்று ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்ட நிலங்களில் தாமான்கள் எழும்பிவிட்டன. திடலை ஒட்டியே சாலை. பட்டம் ஏறும் மாலை வேளைதான், வேலை முடிந்து அப்பாவும் அக்காவும் மோட்டாரில் வீடு திரும்பும் வேளை. தம்பி விட்ட நூல் சொந்த வீட்டாரையே பதம் பார்க்கலாம் அல்லவா?

ஆகவே பிள்ளையின் நூலைப் பழைய துணியின் மேல் இழுத்துப் பாருங்கள். சொரசொரவென்று பிடித்தால் அது கண்ணாடி நூல். தாளில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, சாதாரணப் பஞ்சு நூல் வாங்கிக் கொடுங்கள். சாலைக்கும் மின்கம்பிக்கும் அருகில் பட்டம் விட வேண்டாம். கம்பியில் சிக்கிய பட்டத்தை எடுக்க ஏறவே கூடாது. குழந்தையை மோட்டாரின் முன்னால் உட்கார வைக்காதீர்கள்.

கழுத்து அறுபட்டால் சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்துக் கையால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். காப்பித்தூள், மஞ்சள் எதுவும் அப்ப வேண்டாம். உடனே 999-ஐ அழையுங்கள். விரல் அறுபட்டால், காயம் சிறிதாய்த் தெரிந்தாலும் விரல் மடங்கி நிமிர்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே தசைநாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிளந்தானின் வாவ் பூலான் பட்டம் உலகப் புகழ் பெற்றது அதன் அழகாலும் வேலைப்பாட்டாலும்தான். பிறர் பட்டத்தை அறுத்ததனால் அல்ல. உயரப் பறக்க விடுவதே திறமை என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்போம். இன்று மாலையே அவன் நூல்கண்டை வாங்கிப் பாருங்கள்.