மீட்டருக்கு முன்பே ஓடும் வாடகை

“டாக்சிக்காரர் தனக்குத்தானே முதலாளி. மீட்டரில் விழுவதெல்லாம் அவருக்கே.” சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் டாக்சிக்கு வரிசையில் நிற்கும்போது இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. சட்டப்படி அவர் சுயதொழில் செய்பவர்தான். முதலாளி என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மீட்டர் பணம் அவர் கைக்குத்தான் போகிறது, சரி. ஆனால் வண்டி நிறுவனத்துடையது. நாள் வாடகை ஏறத்தாழ நூறு வெள்ளி. எண்ணெய்ச் செலவும் அவருடையதே. முஸ்தஃபா அங்காடி வாசலில் பெட்டியும் பையுமாகக் கூட்டம் காத்திருக்கும் ஞாயிறு இரவிலும் அதே வாடகை, சிராங்கூன் சாலை வெறிச்சோடிய செவ்வாய் மதியத்திலும் அதே வாடகை. முதல் சில மணி நேர உழைப்பு அதற்கே சரியாகிவிடும்; மிஞ்சுவதுதான் கூலி. காப்புறுதியும் பழுதுபார்ப்பும் நிறுவனத்தின் பொறுப்பு என்பார்கள். அது சின்ன உதவியல்ல. வாகன உரிமைச் சான்றிதழின் விலைக்குத் தனியாள் டாக்சி வாங்கிவிடவும் முடியாது. ஆனால் சவாரி அமையாத நாளின் நட்டம் யார் தலையில் விழுகிறது?

நினைத்த நேரத்தில் ஓட்டலாம் என்பது அடுத்த வாதம். ஒரே வண்டியை இருவர் ஓட்டினால், ரிலீஃப் ஓட்டுநரிடம் சாவி கொடுக்கும் நேரத்துக்குள் வந்தாக வேண்டும். அந்த வேளையில் எதிர்த்திசைச் சவாரியை அவர் மறுப்பது திமிரால் அல்ல. 2013 முதல் சில ஆண்டுகள், நிறுவனங்களின் டாக்சிகளில் பெரும்பாலானவை நாளுக்கு 250 கிலோமீட்டராவது ஓடவேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆளில்லாமல் சுற்றினாலும் எரிவது ஓட்டுநரின் காசு. முதலாளிக்கு யாராவது கிலோமீட்டர் அளந்து கொடுப்பார்களா?

சேமநிதிக்கு முதலாளி பங்கு இல்லை. சம்பளத்தோடு விடுப்பும் இல்லை. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த புதிய சட்டம் செயலி வழி வரும் சவாரிக்குத்தான் துணை நிற்கிறது; தெருவில் கைகாட்டி ஏறும் சவாரி அதற்கு வெளியே.

டாக்சித் தொழில் என்றைக்கும் இப்படித்தான் என்பது தவறு. 1970இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பான என்டியுசி தொடங்கிய கம்ஃபர்ட் கூட்டுறவு, ஓட்டுநர் தவணை கட்டி வண்டிக்குச் சொந்தக்காரராகும் வழியைத் திறந்தது. மஞ்சள் கூரை டாக்சிகளை ஓட்டியவர்களோ சொந்த உரிமத்தில் ஓட்டியவர்கள்.

வாடகையை அசைக்க முடியாது என்பதும் தவறே. 2020இல் கிருமிப்பரவலால் ஊர் அடங்கியபோது நிறுவனங்கள் அதைத் தள்ளுபடி செய்தன. ஊரே முடங்கியபோது செய்ய முடிந்ததை, ஓர் ஓட்டுநர் காய்ச்சலில் படுக்கும் நாளிலும் செய்யலாம்.