கோப்பை கொண்டு வர்ற பசங்களுக்குத் தரை எங்கே?



2022 ஏப்ரல். சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கம். தேசிய சீனியர் கூடைப்பந்து இறுதிப் போட்டியில பஞ்சாபை வீழ்த்தி தமிழ்நாடு ஆண்கள் அணி சாம்பியன் ஆச்சு. 2024 நவம்பர்ல அதே அரங்கத்துல, ஆசியக் கோப்பை தகுதிச் சுற்றில் இந்திய அணி கஜகஸ்தானை ஜெயிச்சது.

இது நமக்குப் புது விளையாட்டு இல்லை. 1920ல் ஹாரி பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய காலத்துலிருந்து இந்த மண்ணுக்கும் உடற்கல்விக்கும் உறவு இருக்கு. இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டனா இருந்து, 2021ல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரை சென்னைப் பொண்ணு. கோடை வந்தா பெரியகுளத்துல மின்னொளியில அகில இந்தியப் போட்டி. ஊரே கேலரியில உட்கார்ந்திருக்கும்.

ஆனா இந்தப் பசங்க தினமும் எங்கே பயிற்சி எடுக்குறாங்க? பெரும்பாலும் திறந்தவெளி சிமெண்ட் தரையில. கூடைப்பந்துல குதிக்காம ஒரு ஆட்டமும் இல்லை. மரத்தரை கொஞ்சம் அமுங்கி அந்த அதிர்ச்சியை வாங்கிக்கும். சிமெண்ட் வாங்காது, அது முழுக்க முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போகும். பந்து எழும்புற விதம், ஷூ பிடிக்கிற பிடி, எல்லாமே வேற. வடகிழக்குப் பருவமழை வந்துட்டா அந்தப் பயிற்சியும் இல்லை. சிமெண்ட்ல பழகிட்டு பெரிய போட்டியில திடீர்னு மரத்தரையில இறங்குற பிள்ளை, எதிரணியோட மட்டுமில்ல, தரையோடயும் மோத வேண்டியிருக்கு.

இது வெறும் பதக்கக் கணக்கு இல்லை. தமிழக அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கு. வங்கி, ரயில்வே அணிகளும் வேலை கொடுக்குது. ஒரு கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது குடும்பத்தையே தூக்கி நிறுத்துற வேலை. முழங்கால் போச்சுன்னா அந்த வேலையும் போச்சு.

நேரு உள்விளையாட்டு அரங்கத்துல அரசு விழாவும் நடக்குது, இசை நிகழ்ச்சியும் நடக்குது. நடக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா விளையாட்டுக்குப் போக மிச்ச நாள்தான் விழாவுக்கு. விழாவுக்குப் போக மிச்ச நாள் விளையாட்டுக்கு இல்லை. மேடை எந்தக் கட்சியோடதா இருந்தாலும் சரி, நம்ம கட்சிக்கும் இதே நியாயம்தான்.

நாம் கேட்பது மூணே மூணு:

1. தமிழ்நாடு ஆண்கள், பெண்கள் அணிகளின் பயிற்சிக்கு நேரு உள்விளையாட்டு அரங்கத்தில் நிலையான நாட்கள். அந்த அட்டவணை பொதுமக்கள் பார்வைக்கு வரணும்.

2. மாவட்டத்துக்கு ஒரு மரத்தரை உள்ளரங்கக் கூடைப்பந்து ஆடுகளம். அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமில்லாம.

3. ஆண்கள் அணிக்குக் கிடைக்கிற அதே நேரம், அதே வசதி பெண்கள் அணிக்கும்.

கோப்பை வாங்கின அன்னிக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்குறது சுலபம். அடுத்த நாள் காலையில ஆறு மணிக்கு அரங்கத்தோட கதவைத் திறந்து வைக்குறதுதான் ஆட்சி.

உங்க ஊர் ஆடுகளம் எப்படி இருக்கு? போட்டோவோட கமெண்ட்ல போடுங்க. மாவட்டவாரியாத் தொகுத்து மனுவாக் கொடுப்போம்.

– தகவல் தொழில்நுட்ப அணி

#நம்மபிள்ளைக்குமரத்தரை