எழுத்தெண்ணும் பொறி

'உடப்பு' என்னும் நம் ஊர்ப்பெயரில் எழுத்து எத்தனை? நான்கு என்பர் நம் மாணவர். ஆறு என்கிறது கணினி. 1991ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்கோடு முறையில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 'ப்' இரண்டாகும், 'பு' இரண்டாகும்.

இதனால் விளையும் இடரை ஒரு புதிரால் விளக்குவோம். 'விகடகவி' இருபுறமும் ஒன்றாகவே படிக்கப்படும் என்பது சிறுவரும் அறிந்தது. சம்பந்தர் திருமாலைமாற்றுப் பாடிய மொழியில் இத்தகைய சொற்களைப் பொறிகொண்டு தேடுதல் இனிய பயிற்சியே. எனினும் குறிகளைக் கடைமுதலாகத் திருப்பின், இகரக்குறி தலைமாறி முன்னே வந்து நிற்கும், சொல் பொருந்தாது. 'உயிர் ஓரெழுத்து, மெய்யுருவும் அதனைத் தொடரும் புள்ளியோ உயிர்க்குறியோ உளதாயின் அதுவும் சேர்ந்து ஓரெழுத்து' என்று தேடுவடிவம் ஒன்று வகுத்து, சொல்லை முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பின்னர்த் திருப்பின், ஐந்தெழுத்தும் அழகுறப் பொருந்தும்.

இவ்வடிவம் புதியதோ? அன்று. மெய் புள்ளி பெறுதலையும், உயிர் ஏறியவிடத்து உருவு திரிதலையும் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் அன்றே வகுத்துவிட்டார்.

இலக்கணம் பரீட்சையோடு முடிவது என்றும், கணினி ஆங்கிலத்திற்கே உரியது என்றும் எண்ணுவோர் நம்மிடையே உளர். ஆங்கில எடுத்துக்காட்டுகளை மட்டும் பயின்ற மாணவன், தன் பெயரையே பிழைபட எண்ணும் செய்நிரலை எழுதுவான். அது பிழையென்று அறியவும் மாட்டான். ஆதலின், தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் வாரத்தில் ஒரு பாடவேளையேனும் ஒரே வகுப்பில் கூடிக் கற்பித்தல் வேண்டும். திரௌபதையம்மன் விழாவிற்கு ஊர் திரும்பும் பழைய மாணவருள் கணினித் தொழில் புரிவோர் ஒரு காலைப்பொழுதை நம் இளைஞர்க்கு ஈவாராக. கல்லூரித் தாய்க்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.