ஏட்டைக் கும்பிடுவதா, காப்பாற்றுவதா?



"பழைய ஓலைகளைப்பற்றி நமக்கென்ன கவலை? அவற்றில் இருப்பதெல்லாம் புராணமும் ஜாதகமும் மந்திரமும்தானே? கரையான் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்" என்று நம்மவர்களிலேயே சிலர் சொல்லி வருகின்றார்கள். மற்றொரு சாரார், "எல்லாவற்றையும் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியாய்விட்டது, இனி ஓலை எதற்கு, காகிதம் எதற்கு?" என்கின்றார்கள். முதல் கூட்டத்தார் வெறுப்பினாலும், இரண்டாம் கூட்டத்தார் சோம்பலினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றார்கள். இரண்டும் தப்பு என்பதும், இதனால் நஷ்டமடையப் போகிறவன் பாடுபடுகிற ஏழையே தவிர வேறு எவனுமல்ல என்பதும் நமது அபிப்பிராயமாகும்.

நாஞ்சில் நாட்டையே எடுத்துக் கொள்வோம். அழகியபாண்டியபுரத்துப் பெரிய வீட்டு முதலியார் குடும்பம் ஒரு காலத்தில் இந்நாட்டின் நிர்வாகத்தில் பெரும் பங்கு வகித்த குடும்பம். அந்த வீட்டில் கட்டுக் கட்டாய் ஓலைகள் கிடந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் அவற்றைத் தேடிப் படித்துப் படியெடுத்து வைத்தார். பின்னாளில் அ. கா. பெருமாள் அவர்கள் அவற்றை அச்சுப் புத்தகமாக்கினார். அதில் என்ன இருக்கின்றது? கடவுள் அவதாரக் கதையா? மோட்சத்துக்கு வழியா? இல்லை. நிலக் கணக்கும் வரிக் கணக்கும் இருக்கின்றன. அவற்றோடு கூடவே மனிதனை மனிதன் விலைக்கு விற்ற அடிமை ஓலையும் இருக்கின்றது! மாட்டை விற்பது போல் மனிதனை விற்று, அதற்குச் சாட்சியும் வைத்து, எழுத்தாணியால் கீறி முடித்திருக்கின்றார்கள்.

இன்றைக்கு மேடைக்கு மேடை ஏறி, "அந்தக் காலத்தில் ஜாதி இருந்தது, ஆனால் கொடுமை இல்லை, எல்லோரும் அண்ணன் தம்பியாய் வாழ்ந்தார்கள்" என்று சொல்லுகிறவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்? தொண்டை கிழியக் கத்துவதா பதில்? அந்த ஓலைதான் பதில். 1836-இல் திருவாங்கூரில் எடுத்த குடிக்கணக்கில் 1,64,864 பேர் அடிமைகள் என்று எழுதப்பட்டிருக்கின்றதே, அந்த எண்தான் பதில். 1855-இல் அடிமைகளை விடுவித்து மகாராஜா விளம்பரம் செய்ய நேர்ந்ததே, அந்த விளம்பரம்தான் பதில். இல்லாத அடிமையை எந்த ராஜா விடுதலை செய்வான்?

ஆகவே, பழைய ஏடெல்லாம் பார்ப்பானுடைய சொத்து, பணக்காரனுடைய சொத்து என்று நினைப்பது பெரும் பிசகு. எழுதியவன் அவன்தான், எழுதி வைத்ததும் தன் லாபத்துக்காகத்தான். ஆனால் எழுதி வைத்தது அவன் மேலேயே குற்றப் பத்திரிகையாய்த் திரும்பியிருக்கின்றது. குற்றப் பத்திரிகையை எரித்துவிட்டால் சந்தோஷப்படப் போகிறவன் குற்றவாளியா, பாதிக்கப்பட்டவனா என்று நம் தோழர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இது வெறும் பேச்சல்ல. தோள்சீலைக்காக நம் பாட்டிமார் பட்ட பாடு இந்த ஜில்லாவில் அறியாதவர் இல்லை. 1822 முதல் 1859 வரையில் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் மற்ற இடங்களிலும் மார்பை மறைத்துக் கொண்டதற்காகப் பெண்கள் சந்தையிலும் தெருவிலும் இழிவு செய்யப்பட்டார்கள். கடைசியில் 1859 ஜூலையில் சர்க்கார் உத்தரவு பிறந்தது. அந்த உத்தரவுகூட நாடார் பெண்கள் இரவிக்கை போட்டுக் கொள்ளலாம், ஆனால் மேல்ஜாதிப் பெண்களைப் போல் மேல்சீலை அணியக் கூடாது என்றே சொல்லிற்று. இந்த வரலாறு ஒன்பதாம் வகுப்புச் சரித்திரப் பாடப் புத்தகத்தில் இருந்தது. 2016 டிசம்பரில் மத்தியக் கல்வி போர்டு அந்தப் பகுதியிலிருந்து பரீட்சையில் கேள்வி கேட்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2019-இல் அந்த அத்தியாயமே புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்பது அதற்குச் சொன்ன காரணம்! பாட்டி சுமந்த சுமையைப் பேத்தி தெரிந்து கொள்வது சுமையாம்.

பாடப் புத்தகத்தை ஒரே கையெழுத்தில் மாற்றிவிடலாம். மூல ஆவணம் பத்திரமாய் இருக்கிற வரையில், என்றைக்காவது ஒரு பிள்ளை அதை எடுத்துப் படித்துக் கேள்வி கேட்டே தீரும். ஆதலால்தான் மூலம் முக்கியம் என்கிறோம்.

நிற்க, ஏடுகளை இதுவரையில் அழித்தது கரையான் மாத்திரமா? கரையானுக்குப் பெரிய அண்ணனாய் மதம் இருந்து வந்திருக்கின்றது. பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்று வெள்ளத்தில் விட்டால் புண்ணியம் என்று விட்டவர்கள் அநேகர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிக் கொண்டு உ. வே. சாமிநாதய்யர் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகவும், ஆகமம் அப்படித்தான் சொல்லுகிறது என்றும் அவருக்குப் பதில் கிடைத்ததாம். இதைச் சொன்னவர் நம் கட்சிக்காரரல்ல. சிவபக்தரான பார்ப்பனப் பண்டிதர். மிச்சமிருந்தவற்றை என்ன செய்தோம்? சரஸ்வதி பூசையன்று இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி போட்டு, அவிழ்த்துப் பார்க்காமலே மறுபடியும் பரணில் ஏற்றினோம். கும்பிடுவதற்குக் கண்ணை மூடினால் போதும். படிப்பதற்குக் கண்ணைத் திறக்க வேண்டுமல்லவா?

சுசீந்திரத்தில் கைமுக்கு என்று ஒரு விசாரணை இருந்தது. ஒழுக்கம் தவறியதாய்ச் சந்தேகிக்கப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் யோக்கியன். கொதிக்கிற நெய்க்குக் குற்றவாளி யார், யோக்கியன் யார் என்று தெரியுமாம்! சுவாதித் திருநாள் காலத்தில் இது நிறுத்தப்பட்டது. கே. கே. பிள்ளை அவர்கள் கல்வெட்டையும் கோயில் ஆவணங்களையும் ஆராய்ந்து 1953-இல் வெளியிட்ட சுசீந்திரம் கோயில் பற்றிய நூலில் இதையெல்லாம் விவரமாய்க் காணலாம். அந்த ஆவணங்கள் அழிந்திருந்தால், இன்றைக்கு நாம் இதைச் சொன்னால், "நாஸ்திகன் கட்டிய கதை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட மாட்டார்களா?

இனி, கம்ப்யூட்டர் சங்கதிக்கு வருவோம். மின்படம் எடுப்பதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. அது மகா உபகாரமான காரியம். யாழ்ப்பாணம் பொது நூலகத்தை 1981 மே 31-ந் தேதி இரவு தொடங்கிக் கொளுத்தினார்கள். சுமார் 97,000 புத்தகங்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறு படி இல்லாத ஏடுகள் போனது போனதுதான். அந்தப் புண்ணோடு பிறந்த ஈழத்துத் தோழர்கள் 2005 முதல் 'நூலகம்' என்ற பெயரால் ஈழத்துப் புத்தகம், பத்திரிகை, நோட்டீசு எல்லாவற்றையும் படமெடுத்து, யாரும் காசில்லாமல் படிக்கும்படி இன்டர்நெட்டில் வைத்து வருகின்றார்கள். இனி ஒருவன் தீப்பெட்டியை எடுத்துக் கொண்டு வந்தால் எத்தனை ஊரில் கொளுத்துவான்? ஒரு படி அழிந்தாலும் மற்றொரு படி இருக்கும். இதுதான் இந்த விஞ்ஞானத்தின் பெருமை.

ஆனால் இதையும் ஒரு மந்திரமாக்கிவிடக் கூடாது. 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் புகுந்து பூட்டுப் போட்டுவிட்டுப் பணம் கேட்டார்கள். உலகத்திலேயே பெரிய நூலகங்களில் ஒன்று அது. புத்தகமும் ஏடும் அலமாரியில் அப்படியே இருந்தன. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை முடங்கிப் போயிற்று. 2024 ஜனவரியில்தான் அந்த அட்டவணை ஓரளவுக்குத் திரும்பியது. மின்வழித் தொகுப்புகள் அதற்கப்பாலும் பல மாதம் எட்டவில்லை. அவ்வளவு பணமும் ஆளும் உள்ளவர்கள் கதியே இதுவானால், ஓர் ஆபீசு மேசையறையில் கிடக்கும் ஒற்றை ஹார்ட் டிஸ்க்கின் கதி என்ன? நல்ல பனையோலை பக்குவமாய் வைத்தால் இருநூறு முந்நூறு வருஷம் நிற்கும். ஹார்ட் டிஸ்க் சில வருஷத்திலேயே மூச்சை விடும். பழைய பிளாப்பியையும் சீடியையும் இன்று போட்டுப் பார்க்க வீட்டில் யந்திரமில்லை. ஓலையை ஒரு தலைமுறைக்கு ஒரு தரம் படியெடுத்தால் போதும். மின்படத்தையோ சில வருஷத்துக்கு ஒரு தரம் புதிய பெட்டிக்கு மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும். படமெடுத்த நாளோடு வேலை முடிந்தது என்பவன், பிள்ளை பெற்ற நாளோடு வளர்ப்பு முடிந்தது என்பவனுக்கே சமானம்.

மற்றொரு ஆபத்தும் உண்டு. படமெடுத்ததைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, "அனுமதி பெற்று வா, கடுதாசி கொண்டு வா" என்றால் அது என்ன? முன்பு வேதத்தைச் சூத்திரன் கேட்கக் கூடாது என்றார்கள். இப்பொழுது ஆவணத்தைக் குடியானவன் பார்க்கக் கூடாது என்கிறார்கள். பூட்டு மாறியிருக்கின்றதேயொழியப் புத்தி மாறவில்லை.

நம் ஜில்லாவுக்கு இந்தச் சங்கடம் அதிகம். 1956 நவம்பர் 1-ந் தேதி அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நிலம் வந்தது, ஜனங்கள் வந்தார்கள். ஆனால் பழைய திருவாங்கூர் சர்க்காரின் ஓலைகள் திருவனந்தபுரத்திலேயே இருக்கின்றன. அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஓலைகள் இருப்பதாய்ச் சொல்லப்படுகிறது. 2022-இல் அங்கே ஓலைகளுக்கென்றே ஒரு காட்சிசாலையும் திறந்தார்கள். அது நல்ல காரியம். தோள்சீலைக் கலகத்தைப்பற்றிப் பாதிரிமார் எழுதிய கடிதங்களோ லண்டனில் இருக்கின்றன. அப்படியானால் இரணியலில் இருக்கிற ஒரு வாத்தியாரோ, கொட்டாரத்தில் இருக்கிற ஒரு தறித் தொழிலாளியோ தன் பாட்டன் சங்கதியைப் படிக்கக் கூலி வேலையை விட்டுவிட்டு எங்கெங்கே போவது? இரண்டு ராஜ்ய சர்க்கார்களும் பேசி, நாஞ்சில் நாட்டு ஆவணங்களின் மின்படங்களை நாகர்கோவிலிலேயே ஒரு பொது நூலகத்தில் எவரும் காசில்லாமல் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். இது தர்மமல்ல, நம் உரிமை.

படம் மாத்திரம் போதாது; படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இந்த ஓலைகளில் வட்டெழுத்தும், கோலெழுத்தும், தமிழும் மலையாளமும் கலந்த பாஷையும், கொல்லம் ஆண்டுக் கணக்கும் இருக்கின்றன. இவற்றைப் படிக்கக் கூடியவர்கள் வரவர அருகி வருகின்றார்கள். படிக்க ஆளில்லாத படம் கர்ப்பக்கிரகத்துச் சிலைக்குச் சமானம். தூர நின்று பார்த்துவிட்டுப் போகலாம். ஆகவே நம் வாலிபர்கள் சிலராவது இந்த எழுத்துகளைக் கற்றுக் கொள்ள முன்வர வேண்டும். இதற்கு எம்.ஏ. பட்டம் வேண்டியதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் ஒரு மனிதர் சேர்த்து வைத்த சுமார் ஒரு லட்சம் உருப்படிகளைக் கொண்டுதான் 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது.

கடைசியாக, சர்க்கார் செய்கிற வரையில் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. வீட்டுப் பரணில் ஓலையோ, பழைய கிரயப் பத்திரமோ, கடன் சீட்டோ, பாட்டன் எழுதிய கடிதமோ இருந்தால் இறக்குங்கள். கும்பிடாதீர்கள், தூசி தட்டுங்கள். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். விஷயம் தெரிந்தவரைக் கேளாமல் எண்ணெய் பூசாதீர்கள், பசை ஒட்டாதீர்கள். வெளிச்சத்தில் வைத்து வரிசை தப்பாமல் இரு புறமும் படமெடுங்கள். எந்த ஊர், யார் வீடு, என்றைக்கு எடுத்தது என்பதை உடனே எழுதுங்கள். இந்த விலாசம் இல்லாத படம் ஊர் பேர் தெரியாத பிணத்துக்கு ஒப்பாகும். மூன்று படி செய்து மூன்று இடத்தில் வையுங்கள். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், காப்பாற்றிவிட்டோம் என்று ஏமாறாதீர்கள். படமெடுத்த பின்பு மூலத்தைக் குப்பையில் போடாதீர்கள்; வைத்துக் கொள்ள வசதியில்லாவிட்டால் நம்பத்தக்க நூலகத்துக்குக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

நம் முன்னோர் எழுதப் படிக்கத் தடுக்கப்பட்டவர்கள். அவர்களைப்பற்றி மற்றவன் எழுதியதுதான் மிச்சம். அந்த மிச்சத்தையும் கரையானுக்கும் ஆற்றுக்கும் செத்துப் போகும் யந்திரத்துக்கும் கொடுத்துவிட்டால், நாளைக்கு நம் பிள்ளைகளைப் பார்த்து, "உன் பாட்டனை யாரடா அடிமையாய் வைத்திருந்தான்? ருஜு காட்டு" என்று கேட்பான். அன்றைக்கு அந்தப் பிள்ளை வெறுங்கையோடு நிற்கக் கூடாது.