தெள்ளாரும் ஒரு சிறு தோட்டாவும்

தெள்ளார் என்றதும் இலக்கிய வாசகருக்கு நந்திவர்மனும் அவன்மேல் பாடப்பட்ட கலம்பகமும் நினைவுக்கு வரும். அவ்வூர் நண்பரொருவர் சென்ற மாதம் நம்மிடம் கேட்டதோ துப்பாக்கியைப் பற்றி. மகன் குறிபார்த்துச் சுடும் போட்டிக்குப் பழக விரும்புகிறான். நிலக்கடலைக் கொல்லையையோ காட்டுப்பன்றிகள் கிளறிப் போடுகின்றன. இரண்டுக்கும் உதவுகிற தோட்டா ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்.

அப்படியொரு தோட்டா இல்லை என்பதே நம் கருத்து.

போட்டிக்கு .22 லாங் ரைஃபிள் போதும். 1887இல் அமெரிக்காவில் பிறந்தது. குண்டின் விட்டம் 5.6 மி.மீ., எடை சுமார் 2.6 கிராம். (தோட்டா வேறு, அதிலிருந்து பறக்கும் குண்டு வேறு, நம் துப்பறியும் கதைகளில் இரண்டும் ஒன்றாகிவிடுவது தனிச் சோகம்.) போட்டித் தோட்டாவை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகவே பறக்கும்படி செய்கிறார்கள். ஒலியை முந்திப் புறப்பட்டு, வழியில் அதற்குக் கீழே இறங்கும் குண்டு தடுமாறும். 50 மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளிக்கான வட்டம் வெறும் 10.4 மி.மீ. அகலம் என்பதால், அந்தத் தடுமாற்றத்துக்கு அங்கே இடமில்லை. உதைப்பு குறைவு, விலையும் குறைவு. 2024இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தத் தோட்டாவைக் கொண்டுதான்.

அந்த மென்மையே வேட்டையில் கொடுமையாகிறது. காட்டுப்பன்றியின் மேல் பட்டால் அது உடனே விழுவது அரிது. காயத்தோடு புதரில் நுழைந்து நாட்கணக்கில் சாகும். பெரிதாக வேண்டுமென்றால் இஷாப்பூர்த் தொழிற்சாலை செய்துவந்த .315 இருக்கிறது. அந்த அளவைத் தீர்மானித்தது வேட்டைக்காரரின் அனுபவமன்று, இராணுவத்தின்.303 தோட்டா குடிமக்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்ற ஆங்கிலேயரின் அச்சம். பன்றியைச் சாய்க்கும். குறி தவறினால், கொல்லையும் வீடும் நெருங்கிக் கிடக்கும் ஊரில் அது எங்கே போய் நிற்கும்?

சட்டமோ இன்னும் தெளிவானது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டை உரிமத்தையே எடுத்துவிட்டன. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாமென்று தமிழக அரசு 2025இல் அனுமதித்தபோதும், சுடும் பொறுப்பு வனத்துறையினருடையதாகவே வைக்கப்பட்டது.

ஆகவே மகனுக்கு .22, அதுவும் முதலில் ஏதேனும் சங்கத்தின் துப்பாக்கியில். பன்றிக்கு வனத்துறையிடம் மனு என்றோம். நண்பருக்கு இது பிடிக்கவில்லை. "மனு என் கடலைக்கு வேலியாகுமா?" என்றார். அவருக்குச் சொல்ல நம்மிடம் நல்ல பதில் இல்லை. ஆயினும் பையனின் துப்பாக்கியைக் கொல்லைப் பக்கம் திருப்பச் சொல்ல நம்மால் ஆகாது.