அப்பத்தைத் தொட யாரிடம் அனுமதி கேட்பது?

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சேரிகளில் ஞாயிற்றுக்கிழமை சபை மணியை அடிப்பது யார்? உபதேசியார். சாவுக்கு முதல் ஆளாக நிற்பவர் அவர். காவல் நிலையத்துக்குக் கூட வருபவரும் அவர்தான். ஆனால் திருவிருந்து அன்றைக்கு மட்டும் ஓரமாக நிற்கணும். எப்போதாவது வந்து போகும் ஐயர்தான் அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பார். ஏன் என்று கேட்டால், ‘உனக்குப் பட்டம் இல்லை.’

சரி, படிக்கிறேன் என்கிறார். ‘நாலைந்து வருஷம் விடுதியில் தங்கிப் படி.’ அதுவரை பெண்டாட்டி பிள்ளைக்கு யார் சோறு போடுவது? சேரியை யார் பார்ப்பது? பகலில் ஊழியம், ராத்திரி படிப்பு என்று வீட்டிலிருந்தே படித்து முடித்தால், ‘அஞ்சல் படிப்புதானே’ என்று இளக்காரம்!

இந்தப் படிப்பு யாரும் போட்ட பிச்சை இல்லை. 1963இல் குவாத்தமாலாவில், தலைநகரில் படித்தவர்கள் கிராமத்துக்குத் திரும்பாததைப் பார்த்துத்தான் இறையியல் கல்லூரியே ஊழியர்களைத் தேடிப் போனது. 1971இல் பெங்களூரில் ‘தாஃப்டி’ அதே வழியைத் தொடங்கியது. பட்டம் கொடுக்க டென்மார்க் அரசர் 1827இல் உரிமை தந்த செராம்பூரும் வெளியிலிருந்து படிப்போருக்குக் கதவு திறந்திருக்கிறது. திறக்காதது நம்ம சபைகளின் மனசுதான்.

இதே திருவண்ணாமலையில் இன்னொரு கதை உண்டு. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற 2006 ஆணைக்குப் பிறகு இங்கே அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி வந்தது. தமிழகத்தின் ஆறு பள்ளிகளில் இருநூறு பேருக்கு மேல் படித்து முடித்தார்கள். வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். 2021 ஆகஸ்டில்தான் 24 பேருக்கு நியமன ஆணை கிடைத்தது. அங்கே படித்தவனுக்குக் கருவறை இல்லை. இங்கே உழைப்பவனுக்கு அப்பம் இல்லை. படிப்பு ஒரு சாக்கு. தொடக்கூடாது என்பதுதான் சேதி.

‘தரம் குறைந்துவிடும்’ என்கிறார்கள். எது தரம்? எபிரேய இலக்கணம் தெரியும், தன் சபைக் கல்லறையில் சாதிக்கொரு மூலை இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்றால் அதுவா தரம்? 1981இல் அர்விந்த் நிர்மல் பெங்களூரில் பேசியதிலிருந்து வளர்ந்த தலித் இறையியல், ஒடுக்கப்பட்டவனின் அனுபவமே இறையியலின் தொடக்கம் என்றது. அந்த அனுபவத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிப்பவன் எப்படி அரைப் படிப்பாளி ஆவான்?

நாம் கேட்பது இவ்வளவுதான். ஊழியம் செய்த வருஷங்களைப் படிப்பாகக் கணக்கில் எடு. கட்டணத்தைச் சபை கட்டட்டும். தேர்வுக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடு. பட்டம் வந்தால் குருப்பட்டமும் கொடு.

படிக்கிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கி போட்டதும் டவுனுக்கு மாறுதல் கேட்டு ஓடினால், நாளைக்கு உபதேசியாரைத் தள்ளி நிற்கச் சொல்லும் ஐயர் நீங்கள்தான்.